சாவா மூவா ஆடுகளும் திங்கட்கிழமை மின்னஞ்சலும்

துணைநிரல் சேர்த்த தண்டர்பேர்டிலோ பழைய (கிளாசிக்) அவுட்லுக்கிலோ இன்றைக்கே ஒரு மின்னஞ்சலை எழுதி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போகட்டும் என்று குறித்துவிடலாம். பலருக்குப் பிறகுதான் தெரியவரும் நிபந்தனை ஒன்று அதில் உண்டு: அந்த ஒன்பது மணிக்குக் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நிரலும் திறந்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் போன்ற அலுவலக சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் தப்பித்தார். மற்றவர்களின் கடிதம் அவுட்பாக்ஸிலேயே படுத்துக்கிடக்கும். ஜிமெயில் 2019 ஏப்ரல் 1 அன்று இந்த வசதியைக் கொண்டுவந்தபோது, காத்திருக்கும் வேலையைத் தன் சர்வரிடமே ஒப்படைத்தது. பின்னால் நடக்க வேண்டியதை முன்கூட்டிச் சொல்லிவைப்பது யாருக்கும் எளிது. சொன்ன நேரத்தில் விழித்திருக்கப் போவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காஞ்சிபுரத்துக் கோயில் நிவந்தங்களை, அதாவது அறக்கொடைகளை, இந்தக் கண்ணோடு படித்தால், அவற்றை எழுதியவர்கள் பக்தியைவிட இந்தக் கேள்விக்கே அதிக வரிகளைச் செலவிட்டிருப்பது தெரிகிறது.

சோழர் காலத்து நந்தா விளக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு விளக்கு அணையாமல் எரிய, பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார்கள். இடையர் அவற்றை மேய்த்து, நாளொன்றுக்கு இவ்வளவு என்று நெய் அளக்க வேண்டும். கல்வெட்டு இந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கிறது. ஆடு சாகத்தான் செய்யும். ஆனால் செத்ததற்கும் கிழடு தட்டியதற்கும் ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது மேய்ப்பவர் பொறுப்பு. கொடுத்தவர் இறந்தபின்னும், வாங்கிய இடையர் இறந்தபின்னும் கணக்கில் அதே 90 ஆடுகள் நிற்கும். இரண்டு சொல்லில் இவ்வளவு கணக்கியலை அடக்கிய தொடர் தமிழில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

காஞ்சி நகருக்குள் வந்தால் ஆட்டின் இடத்தில் பொன். இடையர் இடத்தில் நெசவாளர். உத்தம சோழனின் 16ஆம் ஆட்சியாண்டில், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட செப்பேடு கச்சிப்பேட்டு ஊரகம் கோயிலைப் பற்றியது. இன்றைய உலகளந்த பெருமாள் கோயில் அது. நிறுப்பதற்கான கோல்நிறைக்கூலி, அளப்பதற்கான கால்அளவுக்கூலி ஆகிய வரும்படிகளும், முதலாகக் கொடுத்துவைத்த பொன்னுக்கு வரும் பலிசையும் (வட்டியும்) பூசைக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் போக வேண்டும் என்று அது வகுக்கிறது. மேற்பார்வை பட்டசாலிகள் என்ற நெசவாளர்கள் வாழ்ந்த பாடிகளிடம் (குடியிருப்புகளிடம்) விடப்பட்டது. கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, எற்றுவழிச்சேரி என்று அவற்றின் பெயர்கள். திருவிழா முடிந்த கையோடு நகரத்தார் கணக்குப் பார்க்கவும் ஏற்பாடு உண்டு. தனி ஒருவரிடம் பொன்னைக் கொடுத்தால் அவர் ஊரைவிட்டே போகலாம். ஒரு தெருவே தறி போட்டிருந்தால்? தெரு எழுந்து போகாது. அடுத்த தலைமுறையும் அதே பாவில்தான் கை வைக்கும்.

அரசன் ஆணையிட்டான், குடிகள் செய்தார்கள், இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆணை மட்டும் போதும் என்றால் செப்பேடு அரசன் பெயரோடு முடிந்திருக்கும். தெருவைப் பெயர் சொல்லி அழைத்திருக்காது. கல்லில் வெட்டியது மாறாது, மின்னஞ்சலையோ அனுப்பும் நொடிவரை திருத்தலாம், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்பது இன்னொரு மறுப்பு. காஞ்சிக்குத் தெற்கே உத்தரமேரூரில் இதற்கு விடை இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இல், ஊர்ச் சபையின் வாரியத் தேர்தலுக்கு விதியைக் கல்லில் வெட்டினார்கள். இரண்டே ஆண்டில், 921இல், விதியைத் திருத்தி மறுபடி வெட்டினார்கள். 30 குடும்புகளிலிருந்து (ஊர்ப் பகுதிகளிலிருந்து) குடவோலை வழியே ஆள் எடுக்கும் அந்த ஏற்பாட்டில் வாரியத்தாருக்கு 360 நாள் என்று காலக்கெடுவும் உண்டு. கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய உறவினருக்கும் அதன்பின் ஓலையில் இடமில்லை.

வலுவான மறுப்பு மற்றொன்று: சந்திராதித்தவரை, அதாவது நிலவும் சூரியனும் உள்ளளவும் என்று எழுதிய விளக்குகளில் எத்தனை இன்று எரிகின்றன? பெரும்பாலானவை அணைந்துவிட்டன. ஆட்சி மாறியது, நிலம் கைமாறியது, பொன்னை ஏற்ற சபைகளே கலைந்தன. இதை மறைக்க வேண்டியதில்லை. என் வாதத்துக்கு இதுவே சான்றும்கூட. வாசகம் கல்லிலும் செம்பிலும் பழுதில்லாமல் இருந்தும், அதை ஏற்று நடத்த வேண்டிய கூட்டம் கலைந்ததும் வேலை நின்றது. பாடிகளுக்கு எழுதப்பட்ட அந்த ஏடுகள் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஏடும் பொன்னும் இல்லாமல் நடக்கும் ஏற்பாடு ஒன்று காஞ்சியிலேயே உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திமரச் சிலையான அத்தி வரதர் 1979இல் வெளியே வந்தார்; அடுத்து 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை. நாற்பது ஆண்டு என்பது நல்ல இடைவெளி. சடங்கு முறை தெரிந்த, முன்பு கண்ணால் பார்த்த ஆள் ஊரில் உயிரோடு இருப்பார். 1979இல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு 2019இல் தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டும் வயது. அதுவே நூறாண்டாக இருந்தால் நேரில் பார்த்த சாட்சி ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார். இனி 2059.