வராத பனிக்கான நாட்குறிப்பு

1784ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி மாலை. தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் செல்போர்ன் என்றொரு சிற்றூர். இரண்டு நாட்களாக விடாமல் கொட்டிய வெண்பனி அன்று காலைதான் ஓய்ந்திருந்தது. காற்று வாரிக் குவிக்காத இடங்களிலேயே பன்னிரண்டு முதல் பதினைந்து அங்குலம் கிடந்தது. சந்துகள் அடைபட்டுப் போயின. இத்தகைய மாலையில் கதவைச் சாத்திவிட்டுக் கணப்பருகே ஒடுங்குவதுதான் மனித இயல்பு. ஆனால் அவ்வூரில் வாழ்ந்த அறுபத்து நான்கு வயதுப் பாதிரியார் கில்பர்ட் வைட் இரண்டு வெப்பமானிகளை எடுத்து வெளியே தொங்கவிட்டார். ஒன்று மார்ட்டின் செய்தது, மற்றது டாலண்ட் செய்தது. பத்து மணிக்குப் பார்த்தார்: பாரன்ஹீட் அளவில் 21 பாகை. பதினொரு மணிக்கு 4 பாகை. அதன் பிறகே உறங்கப் போனார்.

மறுநாள் காலை டாலண்டின் பாதரசம் சுழியத்துக்கும் அரைப் பாகை கீழே நின்றது. மார்ட்டினின் கருவியிலோ பாதரசத்தையே காணவில்லை. அதன் அளவுக்கோடுகள் சுழியத்துக்கு 4 பாகை மேலேயே முடிந்துவிட்டன. பாதரசம் குமிழைக் காக்கும் பித்தளைக் கூட்டுக்குள் இறங்கி ஒளிந்துகொண்டது. வானிலை மிகச் சுவையான கட்டத்தை எட்டிய வேளையில் கருவி உதவாமல் போயிற்றே என்று வைட் எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார். அந்த எரிச்சல் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஊரே விறைத்துக் கிடக்கிறது, மனிதருக்கோ அளவுகோல் நான்கு பாகை குட்டையாகிவிட்ட கவலை!

கதை அத்தோடு முடியவில்லை. செல்போர்னுக்கு அருகில், அவர் வீட்டைவிட இருநூறு அடிக்கும் கூடுதலான உயரத்தில், நியூட்டன் என்ற ஊர் இருக்கிறது. பள்ளத்திலேயே இவ்வளவு குளிர் என்றால் மேட்டில் எவ்வளவு இருக்கும்? அங்கிருந்த நண்பருக்குக் கடிதம் எழுதினார்: உங்களிடமுள்ள ஆடம்ஸ் வெப்பமானியை வெளியே தொங்கவிட்டுக் காலையும் மாலையும் பார்த்துச் சொல்லுங்கள். அற்புதங்களை எதிர்பார்த்துக் காத்திருந்தார். வந்த விடை அவரைக் கலங்க வைத்தது. 10ஆம் தேதி இரவு பதினொரு மணிக்குச் செல்போர்னில் சுழியத்துக்கு ஒரு பாகை கீழே. அதே நேரத்தில் நியூட்டனில் 17 பாகை. மேட்டில் குளிர் குறைவு! நண்பரின் கருவி பிழையானதாக இருக்க வேண்டும் என்று ஐயுற்றுத் தம்முடைய கருவிகளில் ஒன்றை மேலே அனுப்பினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது அணுவும் பிசகாமல் ஒத்துப்போயின. தவறு கருவியில் இல்லை, எதிர்பார்ப்பில்தான் இருந்தது.

காற்றசைவற்ற தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்பது இன்று பள்ளிப் பாடம். வைட்டுக்கு அது தோட்டத்தின் வழியாகத் தெரியவந்தது. அவர் வளர்த்த லாரல் வேலி நெருப்பில் வாட்டியதுபோல் கருகிற்று. நியூட்டனில் அதே மரங்கள் ஓர் இலைகூட உதிர்க்கவில்லை. ஏமாற்றத்தை மறைக்காமல், எண்களோடும் கருகிய செடிகளோடும் டெய்ன்ஸ் பாரிங்டனுக்கு எழுதிய கடித வரிசையில் அவர் சேர்த்தார். 1789இல் அது செல்போர்னின் இயற்கை வரலாறாக அச்சேறியது. குயில், ஆமை, மண்புழு பற்றிய பக்கங்களுக்காகவே அந்நூலைப் போற்றுகிறவர்கள் உண்டு. கடைசியில் வரும் இந்தக் குளிர்க் கடிதங்களை எங்கள் வாசகர்கள் தவறவிடக்கூடாது.

இங்கே ஒரு சொற்சிக்கல். தமிழில் 'பனி' என்றால் எல்லாமே அடக்கம்: மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, உதகையில் சில குளிர்கால விடியல்களில் புல்வெளியை வெளுக்க வைப்பதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. முன்பனி, பின்பனி என்று காலத்தையே இரண்டாகப் பகுத்த நம் முன்னோருக்கு வானிலிருந்து பஞ்சாக இறங்கும் பொருளுக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை. ஆகவே இக்கட்டுரையில் வானிலிருந்து இறங்குவதை 'வெண்பனி' என்றும் தரையில் படிந்து உறைவதை 'உறைபனி' என்றும் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலேய வானிலை ஆர்வலரின் துயரமெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. உறைபனி அவருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும். வெண்பனிதான் வராது, வந்தாலும் நிற்காது.

காரணம் நிலப்படத்தில் தெரியும். லண்டன் வடக்கே 51.5 பாகையில் இருக்கிறது. மாதக்கணக்கில் வெண்பனியில் புதைந்து கிடக்கும் கனடாவின் கியூபெக் நகரமோ அதற்கும் தெற்கே இருக்கிறது. வித்தியாசம் அட்லாண்டிக் கடல். அங்கிருந்து வரும் மேலைக்காற்று குளிர்காலம் முழுவதும் ஈரத்தையும் இதத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. குளிர் வேண்டுமென்றால் ஸ்காண்டிநேவியாவின் மேல் ஓர் உயரழுத்தம் வந்து உட்கார்ந்து மேலைக்காற்றை மறிக்க வேண்டும். கிழக்கிலிருந்து காற்று வீச வேண்டும். அப்படி வீசும் காற்று பெரும்பாலும் வறண்டது. குளிர் இருக்கும், ஈரம் இருக்காது. ஈரம் தென்மேற்கிலிருந்து வரும்போது தன்னோடு இதத்தையும் அழைத்து வந்துவிடும். இரண்டும் மோதும் எல்லையில் சில மணி நேரம் வெண்பனி, பிறகு மழை. வானம் அரைப் பாகை மனம் மாறினால் போதும், ஓர் ஊரின் திருவிழா அடுத்த ஊரின் சேறு. வடகடலைக் கடந்துவரும் கிழக்கைக் காற்று சில நேரம் தேம்ஸ் கழிமுகத்தின் வழியே ஒற்றை மேகவரிசையாக உள்ளே நுழையும். அதன் கீழே இருப்பவர் முழங்காலளவு பனியில் நிற்பார். சில மைல் தள்ளியிருப்பவர் விண்மீன்களைப் பார்த்தபடி பல்லைக் கடிப்பார்.

இப்படிப்பட்ட நாட்டில்தான் வெண்பனிக்கு வரலாறு எழுத ஆட்கள் கிளம்பினார்கள் என்பது வேடிக்கை. கியூபெக்கில் ஒருவர் அதைச் செய்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. அரிதாக வருவதைத்தான் எண்ணி வைக்கத் தோன்றும். வைட்டின் சகோதரி கணவர் தாமஸ் பார்க்கர், ரட்லண்டின் லிண்டன் ஊரில் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் வானிலைக் குறிப்பு எழுதினார் (குடும்பத்தில் ஓடிய நோய் போலும்). இருபதாம் நூற்றாண்டில் பொனாசினா என்பவர் 1876இலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்தின் பனிப்பொழிவையும் தொகுத்துப் பட்டியலிட்டார். கார்டன் மேன்லி இன்னும் ஒரு படி மேலே போனார். நாட்குறிப்புகளையும் பழைய வெப்பமானிப் பதிவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1659 முதல் மத்திய இங்கிலாந்தின் மாதச் சராசரி வெப்பநிலையை வரிசைப்படுத்தினார். 1974இல் முழுமை பெற்ற அந்த வரிசை, கருவிகளைக் கொண்டு அமைந்த உலகின் மிக நீண்ட மாதவாரி வெப்பநிலைப் பதிவு. 1707க்கும் 1722க்கும் இடையில் நம்பத்தக்க ஆங்கிலப் பதிவு போதாமல், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பதிவுகளைக் கொண்டு இடைவெளியை நிரப்பினார். அதே மேன்லி 1930களில் பென்னைன் மலைத்தொடரின் கிரேட் டன் ஃபெல் உச்சியில் ஒரு குடிசை அமைத்துக் காற்றையும் பனியையும் அளந்தவர். நூலகமும் மலையும் ஒரே மனிதரில் கூடுவது நமக்கு வாய்க்காத பேறு.

அவருடைய வரிசையைப் புரட்டினால் ஆர்வலர்கள் மந்திரம்போல் உச்சரிக்கும் ஆண்டுகள் தென்படும். தேம்ஸ் உறைந்த 1683–84இன் குளிர்காலச் சராசரி சுழியத்துக்குக் கீழே 1.2 செல்சியஸ். மிகக் குளிர்ந்த மாதம் 1795 ஜனவரி, சுழியத்துக்குக் கீழே 3.1. பிறகு 1947, 1963.

இந்தக் கடைசி இரண்டையும் பற்றிப் பேசும்போது எங்களுக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. 1947இல் ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை பிரிட்டனில் எங்காவது ஓரிடத்தில் நாள்தோறும் வெண்பனி விழுந்தது. போரில் நொந்துபோன நாடு, நிலக்கரி சுரங்க வாயிலிலேயே தேங்கிற்று, மின்சாரம் நின்றது, வார இதழ்கள் அச்சேறாமல் கிடந்தன. மார்ச்சில் எல்லாம் உருகி வெள்ளமாகப் பெருகியது. 1962இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கிய பொழிவு இரண்டு மாதத்துக்கு மேல் தரையை விட்டு அகலவில்லை. 1963 ஜனவரியின் சராசரி சுழியத்துக்குக் கீழே 2.1. ரென் போன்ற சிறு பறவைகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. உறைந்த குழாய்களைப் பற்றிச் சில்வியா பிளாத் ஒரு கட்டுரை எழுதியது அந்தக் குளிர்காலத்தில்தான். பிப்ரவரி 11 அன்று அவர் இல்லை. ஆர்வலரின் பொற்காலம் மற்றவரின் பஞ்சகாலமாக இருக்கிறது. இதை அவர்களும் அறிவார்கள். அறிந்தும் வேண்டுகிறார்கள். புயலுக்காக ஏங்கும் நம்மூர் மழைப்பித்தர்களும் இதே குற்றவுணர்வோடுதான் வாழ்கிறார்கள் என்று நினைக்கிறோம்.

ஆசை முற்றும்போது இலக்கணம் தளர்ந்துவிடும். 'வெள்ளைக் கிறிஸ்துமஸ்' என்பதற்குப் பிரிட்டனின் வானிலை அலுவலகம் வைத்திருக்கும் வரையறை வியப்பூட்டுவது: டிசம்பர் 25இன் 24 மணி நேரத்தில் ஒரே ஒரு பனித்துகள் விழக் கண்டால் போதும். சூதாட்டத்தில் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு தெளிவான எல்லை வேண்டுமல்லவா! இந்த வரையறையின்படி 2023 வெள்ளைக் கிறிஸ்துமஸ்தான். ஆனால் தரையில் பனி கிடந்ததாக ஒரு நிலையமும் அறிவிக்கவில்லை. 2010இலோ நிலையங்களில் 83 விழுக்காடு தரை வெண்மையாக இருப்பதைப் பதிந்தன. நாடே வாழ்த்து அட்டைபோல் ஆயிற்று. அன்று தம் ஊரில் புதிதாக ஒரு துகளும் விழவில்லை என்றால், முற்றத்தில் அடி ஆழத்துக்குப் பனி கிடந்தும் பந்தயம் தோல்விதான். 1752இல் நாட்காட்டியைத் திருத்திப் பதினொரு நாட்களை விழுங்கியதும் ஏமாற்றத்தில் சேர்த்தி. பழைய கணக்கில் கிறிஸ்துமஸ் இன்னும் சற்றுக் குளிர்ந்த நாட்களில் விழுந்திருக்கும்.

கணினி வந்தபின் ஏமாற்றமும் விரைவு பெற்றது. வைட் ஓர் இரவு காத்திருந்தார். இன்றைய ஆர்வலர் பத்து நாட்களுக்கு முன்பே காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார். நாளுக்கு நான்கு முறை புதிய வரைபடம். அதில் 1000 மில்லிபாருக்கும் 500 மில்லிபாருக்கும் இடையிலான காற்றடுக்கின் தடிமன் 5,280 மீட்டருக்குக் கீழ் இருக்கிறதா என்று விழிகள் தேடும். பத்தாம் நாள் வரைபடத்தில் சைபீரியாவே வீட்டு வாசலில் நிற்கும். ஏழாம் நாள் அது டென்மார்க்குக்குப் பின்வாங்கும். மூன்றாம் நாள் சாரல் மழை. தொடக்கத்தில் நேரும் சிறு பிழை நாளாக ஆக எப்படிப் பெருத்துவிடுகிறது என்பதை எட்வர்ட் லோரன்ஸ் விளக்கிக் காட்டியது 1963இல். ஆம், அதே ஆண்டு.

2018 பிப்ரவரி நடுவில் வடதுருவத்தின் மேலே அடுக்குமண்டலம் திடீரென்று சூடேறியது. இரண்டு வாரத்தில் 'கிழக்கின் மிருகம்' என்று பெயர் பெற்ற குளிர் நாட்டை முடக்கியது. எனவே 2019 ஜனவரித் தொடக்கத்தில் மீண்டும் ஒருமுறை அடுக்குமண்டலம் சூடேறியபோது ஆர்வலர்கள் கொண்ட பரவசத்தைச் சொல்லி மாளாது. ஆனால் அம்முறை பெருங்குளிர் வரவில்லை. ஜனவரி இறுதியில் சில இடங்களில் சில நாள் பனி, அவ்வளவே. பிப்ரவரி 26 அன்று லண்டனின் கியூ தோட்டத்தில் 21.2 செல்சியஸ் பதிவாயிற்று. பிரிட்டனில் குளிர்கால மாதம் ஒன்றில் 20 பாகையைத் தாண்டியது அம்மாதத்தில்தான் முதன்முறை. மிருகத்துக்காகக் காத்திருந்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்தார்கள். வெறும் வானிலை ஏமாற்றமாக இதைக் கடந்துபோக எங்களால் முடியவில்லை. பொனாசினாவின் பட்டியல் போன்ற ஒன்றை இனி யாராவது தொடர்ந்தால், அதில் பக்கங்கள் எவ்வளவு நிரம்பும்?

இருந்தும் காத்திருக்கும் வழக்கம் மாறவில்லை. குளிர் அறிவிக்கப்பட்ட இரவுகளில், விளக்கணைத்த அறையின் சன்னல் வழியே தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். துகள் விழுந்தால் முதலில் தெரிவது அந்த ஒளிக்கூம்பில்தான். மழைத்துளி நேராகக் கோடாய் இறங்கும். பனித்துகள் தயங்கும், சற்று மிதக்கும். அந்தத் தயக்கத்தைக் காண்பதற்காகவே இரவு மூன்று மணிக்கும் எழுவார்கள்.

பதிவேட்டின் விதியோ வேறு. காலை ஒன்பது மணிக்கு, பார்வைக்குட்பட்ட தரையில் பாதிக்கு மேல் வெண்பனி மூடியிருந்தால்தான் அது 'பனி கிடந்த நாள்'. நள்ளிரவில் விழுந்து எட்டு மணிக்குள் உருகியது கணக்கில் வராது. பத்து மணிக்கு விழுந்து மாலையில் மறைந்ததும் வராது. ஒன்பதடிக்கும்போது பதிவாளர் கையில் ஏட்டோடு வெளியே வந்து, வேலியோர நிழலில் எஞ்சிய வெண்மையையும் நடுவில் தலைதூக்கும் புல்லையும் மாறி மாறிப் பார்க்கிறார். பாதிக்குச் சற்றுக் குறைவு. சுழியம் என்று எழுதிக்கொண்டு உள்ளே போகிறார்.