கல்தச்சர்களின் ஆசான்

பாரிசின் நோத்ர தாம் பேராலயம் என்றால் வரலாற்றுப் புத்தகங்கள் மன்னர்களையும் ஆயர்களையும்தான் முதலில் சொல்லும். 13-ஆம் நூற்றாண்டில் அதன் ஒரு பகுதியைக் கட்டிய பியர் த மோந்த்ரேய் ஒரு கல்தச்சர். அவரைப் பற்றித் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1239 வாக்கில் பாரிசின் சாந் ழெர்மேன் மடத்தில் துறவிகளின் உணவுக்கூடத்தைக் கட்டினார். பிறகு அங்கேயே மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினார். 1247-ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்று அவரைக் கொத்தர் என்றே குறிப்பிடுகிறது. 1265-ல் அவர் நோத்ர தாம் வேலைகளுக்குத் தலைவர். 1258-ல் ழான் த ஷெல் தொடங்கிய தெற்கு முகப்பை இவர் தொடர்ந்து கட்டினார். ழானின் பெயரும், கல்தச்சர் என்ற அவருடைய தொழிலும் அந்தச் சுவரின் அடிப்பகுதியில் பெரிய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன.

1267-ல் பியர் இறந்தார். பிரபுக்களுக்கும் மடத் தலைவர்களுக்கும் கிடைக்கும் மரியாதையோடு, அவர் கட்டிய சிற்றாலயத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டார். கல்லறையில் லத்தீனில் 'தொக்தோர் லாதோமோரும்' என்று பொறித்தார்கள். கல்தச்சர்களின் ஆசான் என்று பொருள். இன்றைய 'டாக்டர்' அதே சொல்தான். அப்போது அது கற்றறிந்த ஆசிரியர்களுக்கு உரிய பட்டம். தாமஸ் அக்குவினாஸ் பாடம் சொன்ன அதே நகரத்தில், கல் வேலை செய்தவருக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. அதற்காக அவருடைய தொழிலை யாரும் மறைக்கவில்லை.

இதைப் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு குழைத்தவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. உழவர்கள் கட்டிய தசமபாகமும் குத்தகையும் திருச்சபையின் செல்வமாயின. 1261 வாக்கில் நிக்கோலா த பியார் என்ற துறவி தன் மறையுரையில் தலைமைக் கொத்தர்களைச் சாடினார். கையுறை மாட்டி, அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, 'இங்கே வெட்டு' என்று ஏவுவதோடு சரி, தாங்கள் வேலை செய்வதில்லை, கூலி மட்டும் அதிகம் என்பது அவர் குற்றச்சாட்டு. ஏவுகிறவரும் உழைக்கிறவரும் அப்போதே பிரியத் தொடங்கிவிட்டார்கள்.

அங்கே இருந்தது சாதி அல்ல. சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் நமக்குக் காட்டினார். ஆனால் மூளை உயர்ந்தது, கை தாழ்ந்தது என்ற பொய் எங்கும் ஒன்றுதான். ஒரு வளைவின் எடையை எந்தத் தூண் தாங்கும், எந்த இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று கண்டறிந்தவை கல்லோடு பழகிய கைகள். அந்த அறிவுக்குத்தான் ஆசான் என்று பெயர் வைத்தார்கள்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அந்தச் சிற்றாலயம் இடிக்கப்பட்டது. கல்லறை இன்று இல்லை. அதிலிருந்த வாசகத்தை முன்பே சிலர் தாளில் எடுத்தெழுதி வைத்திருந்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. ஆகவே தோழர்களே, உங்கள் ஊரில் பாலம் கட்டியவர், கிணறு வெட்டியவர், பள்ளிக்கூடச் சுவர் எழுப்பியவர் யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பெயரோடு எழுதி வையுங்கள்.