தோசைக்கல்லில் ஒரு சரித்திரம்



சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் என்றொரு பகுதி உண்டு. எலிசபெத் அரசியார் 1953இல் முடிசூடியதை நினைவுகூர்ந்து வைத்த பெயர் அது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் முதல் அடுக்குமாடி வீடுகள் 1960இல் எழுந்தது அங்கேதான். ரயில்வேயில் வேலை செய்த நம்மவர்கள் 1932இல் தொடங்கிய முனீஸ்வரர் கோயிலும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

அந்த அடுக்குமாடி வீடுகளில் இன்று பலநாட்டுச் சமையலும் மணக்கிறது. அவற்றுள் ஒன்று ஜப்பானிய முறையில் வாட்டிய இறைச்சி. இதை 'ஸ்டேக்' என்பார்கள். செய்முறை எளியது. கனமான தோசைக்கல்லை நன்றாகச் சூடேற்ற வேண்டும். தடித்த இறைச்சித் துண்டின் ஈரத்தைத் துடைத்து, உப்புத் தடவி, இரு பக்கமும் சிவக்க வாட்ட வேண்டும். எடுத்துச் சற்று நேரம் ஆறவிட்டு, குச்சிகளால் எடுத்து உண்ணும் அளவுக்குச் சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். கல்லில் தங்கிய சாற்றில் பூண்டையும் சோயா சாஸையும் சேர்த்து, முளைப்பயறு, முட்டைக்கோஸ், வெங்காயம் ஆகியவற்றை வதக்கி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பக்கத்தில் வைத்தால் விருந்து தயார். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் கோழியையோ சோயாக்கட்டியையோ இதேபோல் வாட்டலாம்.

இதை ஜப்பானியரின் பழம்பெரும் உணவு என்று நினைக்கிறோமா? சரித்திரம் வேறு கதை சொல்கிறது. பௌத்த நெறியைப் பின்பற்றிய தென்மு சக்கரவர்த்தி, கி.பி. 675இல் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உழவுக் காலத்தில் உண்ணலாகாது என்று ஆணையிட்டார். ஏர் இழுக்கும் மாட்டைக் கொல்வதா என்ற எண்ணம் நம் உழவர்களுக்கு இருந்ததைப் போலவே அவர்களுக்கும் இருந்தது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் மாட்டிறைச்சி ஜப்பானியரின் அன்றாட உணவாக இருக்கவில்லை.

பின்னர் மேனாட்டுக் கப்பல்கள் வந்தன. மேனாட்டாருக்கு நிகராகப் படையும் தொழிலும் பெருக வேண்டுமானால் உடல் வலுவும் வேண்டும் என்று ஜப்பானிய ஆட்சியாளர்கள் கருதினர். 1872இன் தொடக்கத்தில் மெய்ஜி சக்கரவர்த்தியே மாட்டிறைச்சி உண்ட செய்தி நாடெங்கும் பரவியது. ஆக, அந்தத் தட்டில் இறைச்சியை வைத்தது பசி மட்டுமன்று, அரசியலும்தான்.

அப்படி வலுப்பெற்ற படை, எழுபது ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூருக்கு வந்தது. 1942 பிப்ரவரி 14ஆம் நாள், இன்றைய குவீன்ஸ்டவுனில் உள்ள அலெக்சாண்டிரா மருத்துவமனைக்குள் புகுந்த ஜப்பானிய வீரர்கள், நோயாளிகளையும் மருத்துவப் பணியாளர்களையும் கொன்றனர். மறுநாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பெயரும் 'சியோனான்' என்று மாறியது.

அடுத்து வந்தது பசி. அரிசிப் பங்கீடு குறைந்துகொண்டே போனது. வாழைமரப் படம் போட்ட நோட்டுக்கு மதிப்பில்லை. வீட்டு முற்றத்திலும் திடலிலும் மக்கள் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு உயிர் பிழைத்தனர். தோட்டப்புறங்களின் நிலை இன்னும் கொடியது. நல்ல கூலி என்று ஆசை காட்டியும் பலவந்தமாகவும் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவும் மலேரியாவும் பட்டினியும் கொண்டுபோனவர்கள் திரும்பவே இல்லை. லயங்களில் அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களே கிழங்கை நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினர்.

1945இல் போர் முடிந்தபோது ஜப்பானிய மக்களும் பசியில் வாடினர். அவர்களையும் காத்தது சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். அதே ஆண்டில் கோபே நகரில் தொடங்கிய 'மிசோனோ' உணவகம், உண்போரின் கண்ணெதிரே இரும்புத் தட்டில் இறைச்சி வாட்டும் வழக்கத்தைப் பரப்பியது. 'தெப்பான்' என்றால் இரும்புத் தட்டு; 'யாக்கி' என்றால் வாட்டியது. நாட்டில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் இதை விரும்பி உண்டனர். 1964இல் இம்முறை நியூயார்க்கில் கடை விரித்தது. 1974இல் 'யாவ்ஹான்' எனும் ஜப்பானியப் பேரங்காடி சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கியோடு வந்த நாட்டின் பொருள்களை, இப்போது மக்கள் விலை கொடுத்து வாங்கினர்.

ஆகவே நேயர்களே, அந்தத் தட்டை மறுபடியும் பாருங்கள். நடுவிலே ஓர் அரசு தன் மக்களை உண்ணச் சொன்ன இறைச்சி. ஓரத்திலே ஒரு காலத்தில் நம் பாட்டிமாரின் முழுச் சாப்பாடாக இருந்த கிழங்கு. இன்று அதை ருசிக்காகச் சாப்பிடுகிறோம். அன்று அதுவே உயிர். அயல்நாட்டு உணவை விரும்பி உண்பதில் தவறில்லை. அது வந்த வழியை அறியாமல் உண்பதுதான் இழப்பு.

1942இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், 'ஜப்பான்காரன் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்? சயாமுக்குப் போனவர் யார் யார்?' என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். அன்று மாலை கிழங்கு அவித்து, பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுங்கள்.