வந்தனாங்களா, திரும்பி வந்தனாங்களா?

மீள்குடியேற்றப் பதிவுக்காக ஓர் அலுவலகத்தில் நின்றபோது, "நீங்கள் எப்ப யாழ்ப்பாணம் வந்தனீங்கள்?" என்று உத்தியோகத்தர் கேட்டார். பக்கத்தில் நின்ற மாமா, "வரேல்லத் தம்பி, திரும்பி வந்தனாங்கள்" என்றார். 1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெருவிலிருந்து இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டவர் அவர்.

கேள்வி பழையதுதான். ஒல்லாந்தர் சோனகரைப் பிறநாட்டார் கணக்கில் வைத்துச் செட்டிகளோடு சேர்த்து ஊழியம் வாங்கினார்கள். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் திரட்டி 12 முதலிமார் சரிபார்த்த தேசவழமைக்கு 1806இல் ஆங்கிலேயர் சட்ட வலுக் கொடுத்தபோது, அதை யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார்க் குடிகளின்' வழமை என்றே எழுதினார்கள். நமக்கு அதே ஆண்டில் தனியாக முகம்மதியச் சட்டம். அதுவும் முதலில் கொழும்பு மாகாணத்துக்கு, 1852இல்தான் தீவு முழுதுக்கும். இந்த ஏடுகளை மட்டும் படிப்பவருக்கு நாம் குடிகளல்லர், தங்கிப் போக வந்தவர்கள்.

வரலாற்றாசிரியர்களும் நெடுங்காலம் இப்படித்தான் பட்டத்தைத் தேடினார்கள். நகரக் குடியுரிமை ஐரோப்பாவுக்கே உரியது, கீழைத்தேசங்களில் குலமும் சாதியும் அதைத் தடுத்தன என்பது மாக்ஸ் வெபரின் கணிப்பு. 2018இல் வந்த நூலில் மார்டன் பிராக் கேள்வியையே மாற்றினார்: பட்டத்தை விடுங்கள், மக்கள் என்ன செய்தார்கள்? தொழிற்சங்கம், தர்மம், அயல், ஊர்க்காவல் என்று பார்த்து, சீனத்தையும் உதுமானிய நகரங்களையும் கணக்கில் சேர்த்தார். நம் தீவில் நதீரா ரூபசிங்க, காலியிலிருந்த ஒல்லாந்தர் நீதிமன்ற வழக்கேடுகளைக் கொண்டு, சாதாரண சனம் அந்தச் சட்டத்தை எப்படித் தன் தேவைக்கு வளைத்தது என்று 2022இல் எழுதினார்.

எனக்கு இதில் ஒரு பயமும் உண்டு. செய்ததெல்லாம் குடியுரிமை என்றால், ஊழியம் செய்தவன் 'மாட்டேன்' என்று சொல்ல முடிந்ததா என்ற கேள்வி மறைந்துபோகும். ஆனாலும் இந்தப் பார்வை நமக்குப் பயன்படும்.

தேசவழமையையே எடுங்கள். ஆள் என்ற வகையில் சோனகருக்கு அது பொருந்தாது. ஆனால் காணி விற்கும்போது பங்குக்காரருக்கு முதலில் அறிவித்து விலை சொல்லவேண்டும் என்ற விதி நிலத்தோடு போவது. வடக்கில் காணி சோனகருடையதானாலும் அதற்கும் அது உண்டு. ஆள் அந்நியர், அவர் வளவு மட்டும் ஊர்க்காரன்! தோம்பிலும் தீர்ப்பிலும் இல்லாத நம் வரலாறு இந்த வளவுகளில் கிடக்கிறது. உறுதிகளையும் பள்ளிவாசல் கணக்குகளையும் இனியாவது தேடித் திரட்டவேண்டும்.

மாமாவின் உறுதி 1990இல் சோதனையில் பறிபோனது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தோம். நான் ஒவ்வோர் எல்லையாக வாசிக்கத் தொடங்கினேன். அயற்காணிக்காரர் நால்வரின் பெயரையும் மாமா எனக்கு முன்னாலேயே சொல்லி முடித்தார்.