பலாயும் முசீபத்தும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனக் கீழைக்கடலை ஒட்டிக் கிடக்கும் நம் முஸ்லிம் ஊர்களில், வயல் வரப்பிலோ தறியடியிலோ சினம் மூண்ட கணத்தில் நாவிலெழும் பலாய், முசீபத்து என்னும் இரு வசைச்சொற்களையும் ஒரே பொருளினவாக எண்ணி, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வழங்குவோர் பலராயினும், அவற்றின் பிறப்பை நோக்குமிடத்து அவை வெவ்வேறு தாதுக்களினின்று தோன்றியவை என்பது புலனாகும்.

இரண்டும் அறபுப் பதங்களே. பலாய் என்பது 'சோதித்தல்' எனும் தாதுவிற் பிறந்தது. அதன் ஈற்றெழுத்தாகிய ஹம்ஸாவே தமிழ் நாவில் யகரமாயிற்று. முசீபத்தின் தாதுவோ அம்பு குறியைத் தைத்தலைச் சுட்டுவது. சோதனையென்றால் சோதிப்பவன் ஒருவன் உண்டு, தேறுதற்கும் வழி உண்டு. குர்ஆனின் 21ஆம் அத்தியாயம் நன்மையைக் கொண்டும் மனிதர் சோதிக்கப்படுவதாகக் கூறுவதும் இத்தாதுவினாலேயே. தைத்ததற்கோ வேதனை ஒன்றே எஞ்சும். கிழக்காபிரிக்கச் சுவாகிலி மொழியில் முசீபத்து என்னும் இப்பதமே 'ம்சிபா' எனத் திரிந்து இழவைக் குறிக்கின்றது.

அறுவடை நாளில் கொட்டுவது 'முசீபத்து புடிச்ச மழை'. விட்டகலாது ஒட்டி நின்று அலைக்கழிப்பவனே என் செவிக்குப் 'பலாய் புடிச்சவன்'. இங்கே 'புடிச்சவன்' என்னும் சொல்லை நான் பெரிதும் மதிக்கின்றேன். மடையன் என்னும்போது குற்றம் அவனுடைய அறிவின்மேற் சாரும். 'புடிச்சவன்' என்னும்போதோ தீங்கு வேறு, அவன் வேறு. அயலிலுள்ள தமிழர் 'சனியன் பிடித்தவன்' என்பதும் இவ்வாறே. ஆனால் அவ்வொரு சொல்லை நீக்கிவிட்டு, தவழும் மகவைப் பார்த்து 'முசீபத்தே' என்று விளிக்குங்கால் பிள்ளையே ஆபத்தாகிவிடுகின்றது. அதனைக் கேட்க என் நெஞ்சு பொறுப்பதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்து அம்பாறைக் கரையில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, தைத்தல் என்னும் முசீபத்தின் ஆதிப்பொருள் எத்துணைக் கொடியது என்பதை நம் ஊர்கள் கண்டன. ஏசுகின்ற அதே வாய், தொழுகைக்குப் பின் கையேந்தி, 'பலாய் முசீபத்துகளை விட்டும் காப்பாயாக' என்று இரக்கின்றது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலும் 155ஆம் வசனத்தில் சோதனையின் தாதுவும், அடுத்த 156இல் முசீபத்தும், நம் உம்மாமார் துஆவில் சொல்லும் அதே வரிசையில் நிற்கின்றன.