கீமோவுக்கு எது பத்தியம்? சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ (ஆர்.சி.சி.) போய் முதல் தவணை மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பியதும், பார்க்க வருகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கத்தரிக்காய் கிரந்தி, கருவாடு ஆகாது, முட்டை சூடு, பால் கட்டியை வளர்க்கும், புளியை நிறுத்து, அகத்திக்கீரை மருந்தை முறித்துவிடும். ஆளுக்கொன்றாக விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் தட்டில் மிஞ்சுவது கஞ்சியும் பருப்புத் துவையலும்தான். இந்த விலக்குகள் எந்த மரபிலிருந்து வந்தன, கீமோ மருந்துக்கும் உணவுக்கும் உள்ள உறவை அறிவியல் எப்படிக் கண்டுகொண்டது என்ற இரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

சித்த மருத்துவத்தில் பத்தியம் நோயாளியின் உடலை மட்டும் பொறுத்ததன்று. கொடுக்கப்படும் மருந்தையும் பொறுத்தது. சூரணம், குடிநீர் வகைகளுக்குக் கட்டுப்பாடு பெரும்பாலும் தளர்வாக இருக்கும். பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த மருந்துகளுக்கு உப்பும் புளியும் நீக்கிய கடும் பத்தியம் உண்டு. மருந்து முடிந்த பிறகு மறுபத்தியமும் உண்டு. எந்த மருந்து, எத்தனை நாள், யார் சொன்னது என்ற மூன்றும் சேர்ந்ததே பத்தியம். 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கும் நிலத்தில் இது யாரும் அறியாத செய்தி அல்ல. இன்று கீமோ நோயாளியின் மேல் சுமத்தப்படும் விலக்குகளில் இந்த மூன்றுமே இல்லை. மருந்தின் பெயர் தெரியாது, நாள் கணக்கு கிடையாது, சொன்னவர் பொறுப்பேற்பதும் இல்லை. அதைச் சித்த மரபு என்று சொல்வது அந்த மரபுக்கே நியாயம் செய்வதாகாது என்பது என் கருத்து.

நவீன கீமோவின் கதையும் உணவிலிருந்தே கிளைத்தது, அதுவும் இந்திய மண்ணில். 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், கருவுற்ற பெண்களுக்கு வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அவருடைய ஆய்வு நடந்தது. 1931இன் தொடக்கத்தில் சென்னையின் கோஷா ஆஸ்பத்திரியில், இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில், பணியாற்றினார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அந்தப் பெண்களின் ரத்தம் ஊறியது. உணவில் இருந்த ஏதோ ஒரு பொருள் அதைச் செய்கிறது என்பது உறுதியானது. 1941இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் நான்கு டன் கீரையைப் பிழிந்து அப்பொருளைப் பிரித்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்களின் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகம் பிடித்ததைக் கண்டார். சத்து என்று கொடுத்தது புற்றணுவுக்கும் சத்தானது. அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால் என்ன? சுப்பாராவ் குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் காட்டி அணுவை ஏமாற்றும் அமினோப்டெரினைச் செய்து கொடுத்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெதோட்ரெக்ஸேட் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. போர்க்கால நச்சு வாயுவிலிருந்து பிறந்த கீமோ மருந்துகளின் கிளை ஒன்று தனியாக உண்டு. ஆனால் உணவைப் பற்றிப் பேசும்போது ஃபோலிக் அமிலக் கிளையே முதன்மையானது.

இதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. ஃபோலிக் அமிலம் மெதோட்ரெக்ஸேட்டின் வேலையை எதிர்க்கிறது. அதனால்தான் உயர் அளவு மெதோட்ரெக்ஸேட் கொடுத்த பின், நல்ல அணுக்களைக் காப்பாற்ற, ஃபோலிக் அமிலத்தின் இன்னொரு வடிவமான ஃபோலினிக் அமிலத்தை நேரம் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். 1957இல் வந்த ஃபுளூரோயுராசில் என்ற கீமோ மருந்திடம் அதே ஃபோலினிக் அமிலம் நேர்மாறாக நடக்கிறது. மருந்தை இன்னும் வலுவாகப் பிடிக்க வைக்கிறது. பெமெட்ரெக்செட் என்ற மருந்தின் தொடக்கச் சோதனைகளில் கடும் நச்சு விளைவுகள் தோன்றியதால், ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் சேர்த்துக் கொடுப்பதே விதியாயிற்று. ஒரே சத்து ஒரு மருந்துக்கு எதிரி, இன்னொன்றுக்குத் தூண்டுகோல், மூன்றாவதற்குக் காவல். 'கீமோவுக்குக் கீரை சேருமா?' என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

குழம்பில் வேகும் ஒரு பிடி முருங்கைக்கீரை இங்கே பெரிய பொருட்டல்ல. கவனிக்க வேண்டியது மாத்திரை. மார்பகப் புற்றுக்கோ குடல் புற்றுக்கோ கேப்சிடபைன் விழுங்கும் ஒரு பெண், உடம்பு வெளுத்திருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்குகிறார். அதில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கும். கேப்சிடபைன் உடலுக்குள் ஃபுளூரோயுராசிலாக மாறுகிற மருந்து; ஃபோலிக் அமிலம் கூடினால் வயிற்றுப்போக்கும், வாய்ப்புண்ணும், உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து தோலுரிவதும் கூடக்கூடும். அகத்திக்கீரையை விலக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் வீட்டில், அலமாரியில் உள்ள அந்த மாத்திரை அட்டையை யாரும் கவனிப்பதில்லை.

பாலின் கதை வேறு விதமானது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு 1953 முதல் வழங்கப்படும் மெர்காப்டோப்யூரினை, பாலில் இயல்பாக உள்ள சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைக்கும். ஆகவே பாலோடு கொடுக்காதீர்கள், இரவில் வெறும் வயிற்றில் கொடுங்கள் என்று பல்லாண்டுகள் சொல்லப்பட்டது. (நம் வீடுகளில் பொங்கக் காய்ச்சும்போது அந்த நொதி செயலிழக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.) 2017இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆங்காலஜி இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, பாலோடு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நோய் திரும்பும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை, மாத்திரையைத் தவறாமல் எடுப்பதே முக்கியம் என்று கண்டது. சோதனைக்குழாயில் உண்மையாக இருந்த விலக்கு, குழந்தையின் வாழ்வில் தேவையற்ற கெடுபிடியாகத் தெரியவந்தது. கண்டறிந்ததைத் தானே திருத்திக்கொண்ட அறிவியலின் இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தென்மாவட்ட மானாவாரி நிலத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கப்படும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பதே வின்கிரிஸ்டின். சர்க்கரை நோய்க்கு ஆகும் என்று ஜமைக்காவிலிருந்து வந்த இலையைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஆராயப்போய், 1958இல் வெள்ளணுக்களைக் குறைக்கும் வின்பிளாஸ்டினைக் கண்டனர்; அதன் தொடர்ச்சியாக வந்தது வின்கிரிஸ்டின். அது குடலின் நரம்பைத் தளர்த்தி மலத்தைக் கட்டும். அதற்கு மருத்துவமனைகள் கொடுக்கும் மலமிளக்கிகளுள் ஒன்றான சென்னா, உலகச் சந்தையில் 'டின்னவேலி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயரையே தாங்கியிருக்கும் நிலாவாரை. நித்தியகல்யாணியிலிருந்து மருந்து கிடைக்கிறது என்பதற்காக அதன் இலையை வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. வின்கிரிஸ்டின் மில்லிகிராம் கணக்கில் அளந்து ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து. இலையில் அந்த அளவு எவ்வளவென்று சொல்ல யாராலும் முடியாது.

மஞ்சளுக்கும் இதே அளவு பற்றிய கேள்விதான். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர், மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் மஞ்சளிலுள்ள குர்குமின் ரத்தத்தில் 20 மடங்கு ஏறுவதைக் காட்டினர். 2019இல் நெதர்லாந்தில் மார்பகப் புற்று மருந்தான டாமோக்சிஃபென் எடுத்த 16 பெண்களிடம் நடந்த ஆய்வில், குர்குமின் மாத்திரை மருந்தின் அளவைச் சற்றே குறைத்தது. பைப்பரினும் சேர்ந்தபோது குறைவு கூடியது. ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் வேறு. சத்துக் கடையில் வாங்கும் காப்ஸ்யூல் வேறு. பழங்களில் கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாஸும் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கி, ரத்தப் புற்றுக்கான இமாடினிப் போன்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றக்கூடியவை. பக்கத்துப் புளியங்குடியிலிருந்து வரும் எலுமிச்சையை, வழக்கமாகச் சாப்பிடும் அளவில், அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெள்ளணு குறையும் நாட்களில் பச்சைக் காய், பழம் எல்லாவற்றையும் தடுக்கும் மருத்துவமனை வழக்கமும் மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 153 நோயாளிகளிடம் நடந்து 2008இல் வெளியான சோதனையில், வேகவைத்ததை மட்டும் உண்டவர்களுக்கும் கழுவிய பச்சைக் காய்கனி உண்டவர்களுக்கும் கடுமையான தொற்றில் வேறுபாடு காணப்படவில்லை. மண் அப்படியல்ல; அதில் பூஞ்சையும் நுண்ணுயிரும் நிறைந்திருக்கும். சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை நம்பிக்கையோடு நீரில் கரைத்துக் குடிப்பவர்கள், அந்த நாட்களில் வாயில் இடாமல் வீட்டுப் பூஜையறையில் வைத்து வணங்குவது உடலுக்குப் பாதுகாப்பு. அக்கோயில் அம்மன் அதனால் குறை காணமாட்டாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து பட்டினி. 3,047 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு 1980இல் வெளியான அமெரிக்க ஆய்வு, கீமோ தொடங்கும் முன்பே எடை இழந்தவர்களின் ஆயுள் குறைவதைக் காட்டியது. தசை கரைந்த உடம்பு அதே மருந்தை மோசமாகத் தாங்குகிறது. முட்டையையும் மீனையும் பருப்பையும் 'சூடு' என்று தட்டிலிருந்து எடுப்பவர்கள் அன்பினால்தான் எடுக்கிறார்கள். ஆனால் அடுத்த தவணைக்கு உடம்பு தேறாமல் ஊசி தள்ளிப்போவதில் அந்த விலக்குக்கும் பங்குண்டு.

கடைசியாக, மருந்து மாறாமலே பத்தியம் மாறும் ஒரு நிகழ்வு. புரோஸ்டேட் புற்றுக்கான அபிராடெரோனை 1000 மில்லிகிராம் வெறும் வயிற்றில் எடுப்பதே வழக்கம். கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் ரத்தத்தில் மொத்த மருந்தளவு 10 மடங்குவரை ஏறும். சிகாகோ பல்கலைக்கழகத்தினர் தலைமையில் 72 பேரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், 250 மில்லிகிராமைக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு எடுத்தவர்களுக்கும் பலன் தாழ்ந்துவிடவில்லை. செலவு கால் பங்கு. கைக்காசு போட்டு மருந்து வாங்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. இந்திய மருத்துவர்கள் சிலரும் இம்முறையில் எழுதித் தருகிறார்கள். ஆனால் வெறும் வயிற்றுக்கென்று எழுதிய 1000 மில்லிகிராமை நெய்தோசைக்குப் பிறகு விழுங்கினால் மருந்து பல மடங்காகும். உணவோடு எழுதிய 250 மில்லிகிராமை சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா விரதத்தன்று வெறும் வயிற்றில் விழுங்கினால் போதாமல் போகும். விரதம் இருக்க விரும்புகிறவர் கோயிலுக்குப் புறப்படும் முன்பே மருந்துச் சீட்டைக் காட்டி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.