சைக்கிள் என்றால் எது?
சாய்மான சைக்கிளும் 1934ஆம் ஆண்டு வரையறையும்

1

முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலை முன்னால் நீட்டி மிதித்துக்கொண்டு போகிற சைக்கிள் ஒன்று இருக்கிறது. ரெகம்பன்ட் என்பார்கள். நாம் சாய்மான சைக்கிள் என்று வைத்துக்கொள்ளலாம். சாய்வு நாற்காலிக்கு ரெண்டு சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். அந்தச் சிரிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஐரோப்பிய நகரம் ஒன்றில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிற ஒருவர் இப்படி ஒரு வண்டி வாங்கப் புறப்படுகிறார் என்று கொள்வோம். முதுகு வலி, மணிக்கட்டு வலி, எதிர்க்காற்று என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: வண்டி எடை குறைவாக இருக்க வேண்டும். சாதாரணக் கடைகளில் இது கிடைக்காது. தனிக் கடையைத் தேடிப் போனால், அன்றாட உபயோகத்துக்கான சாய்மான வண்டிகள் பெரும்பாலும் பன்னிரண்டு கிலோவுக்கு மேலே நிற்கின்றன. பத்துக் கிலோவுக்குள் வேண்டும் என்றால் கார்பன் இழையில் செய்தது. அதன் விலையைக் கேட்டுவிட்டு, பழைய வண்டியே தேவலை என்று திரும்பிவிட வேண்டியதுதான்.

ஏன் இப்படி? தயாராக ரெண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, ‘நல்ல வண்டியா இருந்தா தானா நின்னிருக்கும், நிக்கலைன்னா அதுல ஏதோ கோளாறு’ என்பது. சந்தையின் தீர்ப்பே இயற்கையின் தீர்ப்பு என்று நம்புகிறவர்கள் சொல்வது. இன்னொன்று, ‘பந்தய சங்கத்துக்காரன் சதி பண்ணி ஒழிச்சிட்டான்’ என்பது. சாய்மான சைக்கிள் பிரியர்கள் சொல்வது. ரெண்டுமே வசதியான பதில்கள். நடந்தது என்னவென்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ரெண்டுமே போதாது என்று தெரியும்.

2

சாய்ந்து ஓட்டுகிற யோசனை புதிதல்ல. 1890களிலேயே இதற்கான முயற்சிகள் உண்டு. முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில், செப்பலின் ஆகாயக் கப்பல்களின் காற்றியக்க வடிவத்தில் உழைத்த பால் யாரே, நெம்புகோல் மிதியுள்ள சாய்மான சைக்கிள் ஒன்றை வடிவமைத்தார். ஸ்டுட்கார்ட்டில் அது சில ஆண்டுகள் தயாராகி விற்பனையும் ஆனது. பிறகு நின்றுபோனது.

நம் கதை பிரான்சில் தொடங்குகிறது. ஷார்ல் மொஷே சின்னச் சின்ன மோட்டார் வண்டிகள் செய்தவர். மகன் ஜார்ஜுக்காக நான்கு சக்கர மிதிவண்டி ஒன்று செய்து கொடுத்தார். அதைப் பார்த்துப் பெரியவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிற ‘வெலோகார்’ இப்படிப் பிறந்தது. கார் வாங்க வழியில்லாத குடும்பங்களின் கார் அது. பொருளாதார மந்தம் பிடித்த வருடங்களில் அதற்குக் கிராக்கி இருந்தது. வேகமாகத் திருப்பினால் நாலு சக்கரம் கவிழப் பார்த்தது. அதனால் மொஷே அதைப் பாதியாக வெட்டின மாதிரி ரெண்டு சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். சின்னச் சக்கரங்கள், முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளும் சீட்டு, அந்தச் சீட்டை விடச் சற்று உயரத்தில் பெடல் அச்சு.

மொஷே ஒன்றும் ஏமாளி இல்லை. தன் வண்டி பந்தய விதிகளுக்குள் வருமா என்று 1932லேயே சர்வதேச சைக்கிள் சங்கத்திடம் கேட்டு, ஆட்சேபணை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். காற்றைக் கிழிக்கிற கூடு எதையும் சைக்கிளில் மாட்டக் கூடாது என்பது விதி. இவர் எதையும் மாட்டவில்லை. ஆள் உட்காரும் விதத்தைத்தான் மாற்றினார்.

ஓட்ட ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பெயர் பெற்ற வீரர்கள் கேலிக்குப் பயந்து ஒதுங்கினார்கள். கடைசியில் பிரான்சிஸ் ஃபோர் வந்தார். அண்ணன் பெனுவா ஃபோர் தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் பெயர் வாங்கியவர். தம்பி இரண்டாம் தர வீரர். இழப்பதற்கு அவரிடம் பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் சிரித்த சக வீரர்கள், அவர் முதுகைக் கூட எட்டிப்பிடிக்க முடியாமல் பின்தங்கியதும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

1933 ஜூலை 7. பாரிசில் ஒரு மணி நேரத்தில் ஃபோர் ஓட்டிய தூரம் 45.055 கிலோமீட்டர். அதற்கு முன் இருந்த சாதனை சுவிஸ் வீரர் ஆஸ்கர் எக் 1914இல் ஓட்டிய 44.247. பத்தொன்பது ஆண்டுகள் யாரும் தொடாத தூரத்தை, இரண்டாம் தர வீரர் ஒருவர் 800 மீட்டருக்கு மேல் தாண்டிவிட்டார்.

அந்த ஆகஸ்டிலேயே மோரிஸ் ரிஷார் என்கிற பிரெஞ்சு வீரர், வழக்கமான சைக்கிளில் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார். இப்போது சங்கத்தின் முன்னால் ரெண்டு சாதனைகள். எது சாதனை என்று சொல்ல வேண்டுமானால், எது சைக்கிள் என்று சொல்லியாக வேண்டும்.

3

1934 பிப்ரவரியில் சங்கத்தின் கூட்டத்தில் விவாதம் நடந்து, ஓட்டெடுப்பு. சாய்மான சைக்கிளுக்கு ஆதரவாக 46, எதிராக 58. ஏப்ரல் முதல் தேதி புதிய வரையறை வந்தது. பெடல் அச்சு தரையிலிருந்து 24 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சீட்டின் முன்நுனி அந்த அச்சுக்குப் பின்னால் 12 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. அச்சுக்கும் முன்சக்கர மையத்துக்கும் இடையே 58 முதல் 75 சென்டிமீட்டர்.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இவை எங்கிருந்து வந்தன? அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த பந்தய சைக்கிளை டேப் வைத்து அளந்தால் கிடைக்கிற எண்கள். நேற்றுவரை ஒரு பொருளின் வர்ணனையாக இருந்தது இன்று அந்தப் பொருளின் சட்டமாகிவிட்டது. வர்ணனை எப்போது சட்டமாகிறது? அதற்குப் பொருந்தாத ஒன்று வந்து ஜெயித்துவிடும்போது. ஃபோர் தோற்றிருந்தால் இந்த வரையறைக்கே தேவை இருந்திருக்காது. வேடிக்கை வண்டி என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இதைப் புரிந்துகொள்ள ஃபூக்கோவெல்லாம் படித்திருக்க வேண்டும் என்றில்லை. ஊர்ப் பஞ்சாயத்து ஒன்றில் நின்று பார்த்திருந்தால் போதும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஃபோரின் சாதனையைச் சங்கம் அழிக்கவில்லை. சிறப்பு வண்டிகளின் சாதனை என்று தனிப் பட்டியலில் வைத்தது. ‘சிறப்பு’ என்ற சொல் ஒருவரை மேலே தூக்கவும் பயன்படும், வாசலுக்கு வெளியே உட்கார வைக்கவும் பயன்படும். சாதாரணம் எது என்று தீர்மானிக்கிற உரிமை யார் கையில் இருக்கிறதோ அவர்களே சிறப்பு எது என்பதையும் தீர்மானிக்கிறார்கள். 278 மீட்டர் குறைவாக ஓட்டிய ரிஷாரின் பெயர் உலக சாதனைப் பட்டியலில் ஏறியது. அதே 1934இல் ஷார்ல் மொஷே இறந்துபோனார்.

4

இவ்வளவோடு கதையை முடித்துக்கொண்டால் அது சதிக் கதையாகிவிடும். ஒரு விஷயம் இடிக்கிறது. சங்கம் தடுத்தது பந்தயத்தில் ஓட்டுவதைத்தான். செய்வதை, விற்பதை, தெருவில் ஓட்டுவதை யாரும் தடுக்கவில்லை. அப்புறம் ஏன் அது மறைந்தது?

இதற்குப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. பின்சக்கரத்தில் பல்சக்கர அடுக்கு வைத்து, செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக் கியர் மாற்றுகிற கருவியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்றைய சாலைப் பந்தய சைக்கிள்கள் அநேகமாக எல்லாவற்றிலும் அது உண்டு. அதுவும் விலக்கப்பட்ட பொருளாக இருந்ததுதான். தூர் த பிரான்ஸைத் தொடங்கி நடத்திய ஆன்றி தெக்ராஞ்ஜ் அதைத் தன் பந்தயத்தில் விடவே மாட்டேன் என்றார். வீரனின் கால் ஜெயிக்க வேண்டுமே தவிரக் கருவி ஜெயிக்கக் கூடாது என்பது அவர் சித்தாந்தம். 1937இல்தான் அந்தத் தடை நீங்கியது.

அத்தனை வருடம் அந்தக் கருவி எப்படி உயிரோடு இருந்தது? பந்தயத்துக்கு வெளியே அதற்கு மக்கள் இருந்தார்கள். சாந்த்-எத்தியென் நகரத்தில் பால் த விவி என்பவர் இருந்தார். ‘வெலோசியோ’ என்ற பெயரில் எழுதியவர். மலைப்பாதைகளில் நெடுந்தூரம் சைக்கிளில் சுற்றுகிறவர்களைத் திரட்டியவர். 1887இல் தொடங்கிய அவருடைய பத்திரிகை பல கியர்களுக்காக விடாமல் வாதாடியது. அவரும் வாசகர்களும் ஓட்டிப் பார்த்ததை எழுதினார்கள். உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் அதைப் படித்துத் திருத்தினார்கள். ஓட்டுகிறவர்கள், எழுதுகிறவர்கள், செய்கிறவர்கள் என்று ஒரு வட்டம். பந்தய முதலாளிகளின் அங்கீகாரத்துக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. ஒரு சின்னப் பத்திரிகையால் என்ன ஆகிவிடும் என்று நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்களே, அவர்களுக்கு இந்த உதாரணத்தைச் சொல்லலாம்.

சாய்மான சைக்கிளுக்கு இப்படி ஒரு வட்டம் அமையவில்லை. மொஷே பந்தயத்தின் வழியாகத்தான் மக்களிடம் போக நினைத்தார். பந்தயம் கதவைச் சாத்தியதும் மாற்று வழி இல்லாமல் போயிற்று. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது நாலு சக்கர வெலோகாருக்கு மறுபடி வேலை வந்தது. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் அதுவும் போனது. ஜார்ஜ் மொஷேயே சின்ன மோட்டார் கார்கள் செய்யப் போய்விட்டார். தடை ஒரு பொருளைத் தனியாகக் கொல்வதில்லை. தடைக்கு வெளியே அதைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லாதபோதுதான் அது சாகிறது.

5

நடுவில் ஒரு சம்பவம். 1939 மார்ச்சில் அதே ஃபோர், கூடு போட்ட வெலோகாரில் ஒரு மணி நேரத்தில் 50.537 கிலோமீட்டர் ஓட்டினார். சங்கம் ஒப்புக்கொண்ட சைக்கிளில் 50 கிலோமீட்டரைத் தாண்ட 1984இல் பிரான்செஸ்கோ மோசர் வர வேண்டியிருந்தது. ஃபோருக்குக் கூடு உதவியது என்பது உண்மை. ஆகவே ரெண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் மனிதக் காலின் எல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு தூரம் உட்காரும் விதத்தின் எல்லை என்ற கேள்வி அங்கேயே கிடக்கிறது.

அந்தக் கேள்வியை 1970களில் அமெரிக்காவில் மீண்டும் எடுத்தார்கள். கலிபோர்னியாவில் செஸ்டர் கைல் முதலானோர் 1975இல், வடிவத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாத, மனித சக்தி ஒன்றே நிபந்தனையான வேகப் போட்டியை நடத்தினார்கள். மறுவருடம் அதற்கென்று தனிச் சங்கம் பிறந்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் கார்டன் வில்சன் அன்றாடப் பயணத்துக்கான சாய்மான சைக்கிளை வடிவமைப்பதில் பங்கெடுத்தார். பிறகு நெதர்லாந்தில், ஜெர்மனியில் சிறு பட்டறைகள் முளைத்தன. இன்று ஒருவர் வாங்கக்கூடிய வண்டிகள் பெரும்பாலும் இந்த வழி வந்தவை. நாற்பது வருட இடைவெளி. இந்த இடைவெளியைத்தான் நம் ஆள் கடையில் விலையாகக் கொடுக்கிறார்.

6

எடைக்கு வருவோம். சாய்மான வண்டி கனமாக இருப்பதில் இயற்பியலும் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. முதுகு சாய்க்க முழுச் சீட்டு வேண்டும். செயின் ரெண்டு, ரெண்டரை மடங்கு நீளம். வழக்கமான பிரேமின் முக்கோணம் சுமையைப் பகிர்ந்துகொள்கிற மாதிரி, நீளமான ஒற்றைக் குழாயால் முடியாது. ஆனால் மிச்சமும் இருக்கிறது. முக்கோணப் பிரேமிலிருந்து கிராம் கிராமாகச் சுரண்டி எடுக்க நூறு வருடப் பந்தயப் பணம் செலவாகியிருக்கிறது. 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று 2000இல் சங்கமே விதி போட வேண்டிய அளவுக்குச் சுரண்டினார்கள். அந்த உழைப்பில் ஒரு பங்கு கூடச் சாய்மான சைக்கிளுக்கு வரவில்லை.

அதே சமயம், ‘எடை குறைவு’ என்கிற இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். அதுவும் பந்தயம் கற்றுக் கொடுத்ததுதான். கணக்கைப் பார்ப்போம். ஆள் 70 கிலோ, பை 5, வண்டி 15, மொத்தம் 90. வண்டியில் 3 கிலோ குறைத்தால் மேடு ஏறும்போது நூற்றுக்கு மூன்று பங்கு உழைப்பு மிச்சம். சமதளத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முக்கிய எதிரி காற்று. அங்கே இந்த 3 கிலோ ஏறக்குறைய ஒன்றுமில்லை, உட்காரும் கோணம்தான் எல்லாம். அப்படியானால் எடை யாருக்குப் பிரச்சினை? நின்று மிதிக்க முடியாத வண்டியில் மேடான ஊரில் போகிறவருக்கு. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புகிறவருக்கு. எல்லோரையும் விட, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறவருக்கு. படியில் தூக்கும்போது அந்த 3 கிலோ முழுசாகத் தோளில் இருக்கும். கீழ்த்தளத்தில் கொட்டகை உள்ளவருக்கு எடை ஒரு பெருமை. மாடிக் குடித்தனக்காரருக்கு அது தினசரிக் கூலி.

ஆகவே தேர்வு தராசில் முடிவதில்லை. முன்சக்கரம் பெடலுக்கு முன்னால் உள்ள நீள வண்டி நிதானமாகப் போகும், ஆனால் ரயிலிலும் படிக்கட்டு வளைவிலும் திரும்பாது. சக்கரம் பெடலுக்குப் பின்னால் உள்ள குட்டை வண்டி எங்கும் நுழையும், பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். பந்தயத்துக்கான தாழ்ந்த வண்டிகள் எடை குறைவு, வேகமும் உண்டு. ஆனால் ஓட்டுகிறவர் தலை கார் சன்னலுக்குக் கீழே போய்விடும். நகரத் தெருவில் கார்க்காரர் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் சீட்டு இருப்பது ரெண்டு கிலோ குறைவதை விட முக்கியம். மட்கார்டு, கேரியர், விளக்கு எல்லாம் மாட்டிய பிறகு என்ன எடை என்று கேட்க வேண்டும். விளம்பரத்தில் போடுகிற எடை இவையெல்லாம் இல்லாத எடை.

இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடப் பந்தய மைதானத்தில் எழாது. 1934இல் ஓட்டுப் போட்டவர்கள் பந்தயத்தை நடத்துகிறவர்கள். தங்கள் பந்தயத்துக்கு விதி செய்ய அவர்களுக்கு உரிமை உண்டுதான். வேலைக்கு ஓட்டிப் போனவர்களுக்கு அங்கே ஓட்டில்லை. ஆனால் அந்த விதி பந்தயத்தோடு நின்றதா? கடையில் எது இருக்கும், எதற்கு உதிரிபாகம் கிடைக்கும், தெருவில் எதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பது வரை அது வந்து சேர்ந்தது. அங்கே 46 பேர் மறுத்தும் பலனில்லை. மறுப்பு இருக்க வேண்டிய இடம் அந்தக் கூட்டத்துக்கு வெளியே, சாந்த்-எத்தியென் மலைப்பாதை மாதிரி ஒரு இடத்தில். இன்று நெதர்லாந்துப் பட்டறைகளில் அது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. மெதுவாகத்தான். சிரிக்கிறவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.